டேலியாவுக்குப் பின்னால்

அவள் டேலியாவின் முன்னால் மண்டியிட்டாள்.

மண்டியிட்டவள் எழவே இல்லை.

ஊட்டி மலர்க் கண்காட்சியில் அன்று நிற்க இடமில்லை. பூவைப் பார்க்க வந்தவர்கள் பூவுக்கு முதுகைக் காட்டி நின்று, தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் பூவை எடுத்தாள். அதுவும் ஒரே பூவை, திரும்பத் திரும்ப.

எனக்குப் பொறுக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி நான். இந்த அக்கறைகூட இல்லாவிட்டால் எப்படி?

மெல்ல நகர்ந்து போய் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

கேமராத் திரை முழுக்கச் சிவப்பு டேலியா. இதழ் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

அதற்குப் பின்னால், கலங்கலாக ஒரு நீலம்.

நிமிர்ந்தேன். பூந்தொட்டி அடுக்குகளுக்கு அந்தப் பக்கம், கம்பி வேலியை ஒட்டி, நீல ஸ்வெட்டரில் தாரணி நின்றிருந்தாள்.

இவள் பெற்ற தாரணி.

இடுப்பில் ஒரு குழந்தை. மஞ்சள் குல்லா.

தாரணி யாரோடு போனாள், எந்தக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள், இப்போது ஊட்டியில் எந்தப் பக்கம் குடியிருக்கிறாள் என்பதெல்லாம் ஈரோட்டில் எங்கள் தெருவுக்கு மனப்பாடம். தெரியாதவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவள் போன அன்று அப்பா சென்னியப்பன் வாசலில் கற்பூரம் ஏற்றினார். மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். அவர் சொன்ன சொல் மாறாது என்று மண்டித் தெருவில் பெயர். மனைவியைக் கூப்பிட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்.

இனி அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இவள் சொன்னாள். சொல்லிவிட்டு, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். தெருவே பார்த்தது.

அப்புறம் இவள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தபோது, இந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மே மாதம் எங்கள் தெருவிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புகிற வேனில் இவளுக்கு ஜன்னலோரம் இடம் சொல்லி வைத்தவரும் அவர்தான். வேன் எப்போதும் கண்காட்சியின் முதல் ஞாயிறுதான் கிளம்பும். அது தெருவில் வளர்ந்த தாரணிக்கும் தெரியும்.

பேச மாட்டேன் என்றுதான் சத்தியம்.

படம் எடுக்க மாட்டேன் என்று இல்லையே.

அம்மா பேசவில்லை. மகளும் பேசவில்லை. குழந்தை மட்டும் டேலியாவைப் பார்த்துக் கையை நீட்டியது. தாரணி அந்தக் கையை மெல்ல மடக்கித் தன் கழுத்தோடு வைத்துக்கொண்டாள்.

இவள் கேமராப் பொத்தானை அழுத்தினாள். எழுந்தாள். புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

என்னைப் பார்த்தாள்.

நான் டேலியாவைப் பார்த்தேன். நல்ல டேலியா.

திரும்பும்போது வேனில் அவள் பக்கத்து இருக்கையை முந்திப் பிடித்தேன். ஈரோடு வருவதற்குள் நாலு பேரிடமாவது சொல்லியாக வேண்டும். நாக்கு அரித்தது.

அவள் கேமராவைத் திறந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். டேலியா திரையை விட்டு வெளியே போனது. இன்னும் பெரிதாக்கினாள். நீலம் பரவியது. மஞ்சள் பரவியது.

முகம் வரவில்லை.

வராதுதான். பூ தெளிவாக இருந்தால் வீட்டில் காட்டலாம். முகம் தெளிவாக இருந்தால் அடுத்த வருஷம் கேமராவும் இல்லை, வேனும் இல்லை.

மலை இறங்கி முடிக்கும்வரை அவள் பெரிதாக்கிக்கொண்டே இருந்தாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டு டீவியில் படங்கள். வேனில் போனவர்கள் எல்லாரும் கூடுவோம். காப்பி உண்டு, முறுக்கு உண்டு. சென்னியப்பன் ரிமோட்டைப் பிடித்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவார். எல்லாரும் போன பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அது பெரிதாகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, ஹாலுக்கு வந்துவிடும்.

ரோஜா. தள்ளினார்.

பூவாலேயே கட்டிய மயில். தள்ளினார்.

டேலியா வந்தது.

"அதாரு பொறத்தால, நீல சொட்டரு?" என்றாள் துளசியக்கா, பூவுக்குப் பின்னால் விரலை நீட்டி.

இவள் கையில் காப்பித் தட்டு. கற்பூரத்தை அணைத்த அதே கை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெருவில் யார் என்ன என்று கேட்டால் என்னைப் பார்ப்பதுதான் வழக்கம்.

"ஊட்டிக் குளுருக்கு ஆருக்கா சொட்டரு போடாம இருக்கறா? காப்பி ஆறுது, குடிங்க" என்றேன்.

சொல்லிவிட்டு, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

சட்டத்துக்குள் போன வருஷத்து ரோஜா. அதன் பின்னால் கலங்கலாக ஒரு நீலம், வயிற்றுப் பக்கம் மேடாக.

பக்கத்தில் அதற்கு முந்தின வருஷத்து லில்லி. பின்னால் அதே நீலம், ஒல்லியாக.

எத்தனை பூக்கள் எடுத்து வந்திருப்பாள். அத்தனையிலும் இவைதாம் சுவருக்கு வந்திருந்தன.

சென்னியப்பன் ரிமோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். டீவிக்கு அருகில் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார். மஞ்சள் குல்லா இருந்த இடத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து நின்றார்.

துளசியக்கா முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"ஏம்புள்ள" என்றார் அவர், திரும்பாமலே. "பூவு செரியாத்தான் உழுந்திருக்குது."

இவள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வருசம் பொறத்தாலயும் கொஞ்சம் தெளிவா எடு."