ராடெனின் பட்டினி

“இன்னும் கொஞ்சம் கீழ இறக்கி ஆட்டுங்க. அப்படியே ஒரு பாட்டும் பாடினீங்கன்னா, ராடென் எழுந்து கூட ஆடும்!”

லிலிஸ் வாசற்படியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். யாயாட் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, நீண்ட இடுக்கியில் பிடித்த செத்த எலியை ராடெனின் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தான். இடையிடையே வாயால் “கீச் கீச்” என்று சத்தம் வேறு.

மலைப்பாம்பு ராடென் அசையவில்லை. சுருண்ட உடம்பின் மேல் தலையை வைத்துக்கொண்டு, இமைக்காமல் அவனையே பார்த்தது.

“பார்க்குது பாரு! ‘நீயெல்லாம் ஒரு ஆளா’ன்னு கேக்குற மாதிரி,” என்றான் யாயாட்.

“திமிரு. பேரு வெச்சதே நீங்கதானே. ராடென்னா ராஜ வம்சம். செத்ததைத் தின்னுமா?”

ஒன்பது வாரத்துக்கு முன்பு, உயிரோடு போட்ட எலி ஒன்று ராடெனின் கழுத்தைக் கடித்துக் குதறிவிட்டது. நான்கு தையல். அன்றோடு உயிருள்ள எலியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பாண்டுங் நகரத்து மலைப்பாம்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழு சொன்னபடி, உறைந்த எலிகளை வாங்கி மீன் உருண்டைகளுக்குப் பக்கத்தில் ஃப்ரீசரில் வைத்தான் யாயாட். குழாய்த் தண்ணீரில் போட்டு ஐஸ் விட்டதும் எடுத்து ஆட்டினான். ‘எலி உயிரோடு இருப்பதாகப் பாம்பு நம்பணும், விடாமல் ஆட்டுங்கள்’ என்று குழுவில் இருந்த அத்தனை பேரும் அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பது வாரமாக ராடென் பட்டினி. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதே குழுவில் உள்ள குகுன் இன்று மாலை வந்து பாம்பை எடுத்துப் போவதாக ஏற்பாடு. அவன் உயிருள்ள எலிதான் போடுவான்.

யாயாட் இடுக்கியைக் கீழே வைத்தான். “விரல் தடிமனுக்குக் குட்டியா வந்துச்சு லிலிஸ். ஆறு வருஷம். பையைத் தூக்கிட்டு அவன் வந்துருவான்.”

அவன் குரல் உடைந்ததும் லிலிஸின் கிண்டல் நின்றுவிட்டது. பாம்பென்றால் அவளுக்குப் பயம்தான். ஆனாலும் புருஷன் இப்படி உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

“குடுங்க, நான் ஒரு தடவை பார்க்கிறேன்.” எலியைத் தொட்டவள் கையை உதறினாள். “ச்சீ! ஐஸ் மாதிரி இருக்கு. ஆறிப்போன பக்வான் பஜ்ஜி குடுத்தா தட்டைத் தள்ளி விடுறீங்களே, இதை மட்டும் அது தின்னணுமா?”

எலியை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிண்ணத்தில் போட்டு, ஃபிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரை ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் துணியில் துடைத்தாள்.

“முன்னாடி போய்க் காட்டு,” என்றான் யாயாட்.

“அந்த மூஞ்சிக்கு நேரா நான் கையை நீட்டவா? ஆளை விடுங்க!”

பெட்டியின் பின்பக்கக் கதவைத் துளி திறந்து, ராடெனின் முதுகுக்குப் பின்னால் எலியைப் போட்டுவிட்டுத் தாவி வந்தாள்.

“போச்சு. அது திரும்பிப் பார்க்கவே...”

ராடெனின் நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. தலை மெல்ல, எண்ணெய் வழுக்குவதுபோலப் பின்பக்கம் திரும்பியது. கழுத்து வளைந்து நின்றது. பாய்ந்ததை இருவருமே பார்க்கவில்லை. பார்த்தபோது எலியைச் சுற்றி மூன்று சுருள் விழுந்திருந்தது. அதன் தலையை ராடென் சரியாக வாயில் கவ்வியிருந்தது.

“அல்லாவே,” என்று லிலிஸ் அவன் தோளைப் பிடித்தாள். அவளுக்கு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குகுன் துணிப்பையோடு உள்ளே வந்தபோது எலியின் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“பையை மடிச்சு வைப்பா!” யாயாட் குதித்தான். “என்ன அநியாயம் பாரு. ஒன்பது வாரம் கண்ணு முன்னாடி ஆட்டினேன், சட்டை பண்ணல. இவ முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டா, ஒரே அடி!”

“எலியை என்ன பண்ணீங்க அண்ணி?”

“சுடுதண்ணியில போட்டேன்.”

“அதான். உதட்டு மேல வரிசையா குழி இருக்கு பாருங்க, அதுலதான் அதுக்குச் சூடு தெரியும்,” என்று சிரித்தபடி கண்ணாடியருகே குனிந்த குகுனின் சிரிப்பு பாதியில் நின்றது. போனில் விளக்கைப் போட்டு ராடெனின் முகத்துக்கு நேராகக் காட்டினான். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை விருட்டென்று வீசினான். இன்னொரு முறையும் வீசினான். ராடென் விழுங்கிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, வேற மலைப்பாம்பு ஏதாவது கிட்டத்துல பார்த்திருக்கீங்களா?”

“இல்லையே. எனக்கு இது ஒண்ணுதான். ஏன்?”

குகுனின் குரல் தணிந்தது.

“கண்ணு எவ்வளவு சின்னதா இருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு வேற பாம்பு இல்லாம போச்சு. இதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுண்ணே. முட்டையை உடைச்சு வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு.”

ஆறு வருடத்தில், பெட்டிக்குள் ஓடி ஒளிந்த ஓர் எலியைக்கூட ராடென் தவறவிட்டதில்லை.