கேமரா கட்டத்தில் ஒரு பேர்

டுலூத் ஊர் நூலகச் சுவரில் ஒட்டிய பேர் பதியும் தாளில் மத்தியான வெயில் விழுகிறது. நாளைக்கு ஊரார் கூடிப் படமெடுக்கும் பட்டறை. டைரக்டர் கட்டத்தில் பதினோரு பேர், சம்பளமில்லாத கேமரா கட்டத்தில் ஒருத்தரும் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் பட்டறையே இல்லை என்று, அதை நடத்துகிற லொரெட்டா பேனா மூடியைக் கடிக்கிறாள். "ஓசியில சுமக்கச் சொன்னா எவன் வருவான்? ஏமாத்து வேலை" என்கிறார் கிரேன் ஓட்டி ஓய்ந்த ஆர்வில். "பெருசு, பதினோராவது டைரக்டரே நீங்கதானே!" என்கிறாள் லொரெட்டா. ஆர்வில் முறைக்கிறார். மேசைமேல் இருக்கும் கேமராவை வெடுக்கென்று எடுத்துத் தோளில் வைக்கிறார். முப்பது வருஷம் இரும்பைத் தூக்கி இறக்கிய கை துளியும் ஆடவில்லை. கேமராவின் சின்னத் திரைக்குள் லொரெட்டா சிரிக்கிறாள். "வாயை மூடு, உன் பல்லுல கண்ணு கூசுது" என்கிறார். தாளில் டைரக்டர் கட்டத்தில் இருக்கும் தன் பேரை அடித்து, கேமரா கட்டத்தில் எழுதுகிறார். பின்னால் நிற்கிற பத்தாவது டைரக்டரம்மா மெதுவாகப் பேனாவுக்குக் கை நீட்டுகிறாள்.