பொம்மைக் காருக்கு வரி

கடைசிக் காரையும் அரிசி டின்னுக்குள் திணித்து மூடியை அழுத்திய பிறகுதான் பிச்சைமுத்துவுக்கு மூச்சு வந்தது.

"என்னங்க பண்றீங்க இன்னும்? வரி ஆபீஸ்காரரு ஹால்ல எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பாரு?" சமையலறை வாசலில் நின்று ஜெயலெட்சுமி கிசுகிசுத்தாள்.

அவள் கணவன் பிச்சைமுத்துவுக்கு அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை. ஆசையோ இங்கிலாந்திலிருந்து வரும் சின்னச் சின்ன இரும்புப் பொம்மைக் கார்கள் மேல். தபாலில் வரவழைப்பான். ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ரோப் வாக் தெருவின் பழைய சாமான் சந்தையில் பாய் விரித்து விற்பான். ஆறு வருஷமாக நடக்கிறது. வருமானவரி என்று ஒரு காசு கட்டியதில்லை.

போன மாதம்தான் சந்தையில் பேசிக்கொண்டார்கள். பழைய நாணயம் விற்ற ஒருவனை வரிக்காரர்கள் பிடித்து அபராதம் போட்டார்களாம். அவன் வேலை செய்யும் இடத்துக்கும் தகவல் போய்விட்டதாம். அன்றிலிருந்து வெள்ளைச் சட்டையைக் கண்டாலே பிச்சைமுத்து பாயைச் சுருட்டிவிடுவான்.

இப்போது அந்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் டையும் மடியில் கறுப்புப் பையுமாக, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் அவனுடைய சோபாவிலேயே உட்கார்ந்திருந்தது.

"உக்காருங்க, மிஸ்டர் பிச்சைமுத்து" என்று ஹாலுக்கு வந்த வீட்டுக்காரனையே உபசரித்தார் அவர். "பொம்மைக் காடி வியாபாரம் எப்படிப் போகுது?"

"வியாபாரமா? ஐயோ சார், சும்மா பொழுதுபோக்குலா. சின்னப் பிள்ளைங்க விளையாடுற சாமான்."

"அப்போ ரோப் வாக்ல பாய் விரிச்சு உக்காந்திருக்கிற சின்னப் பிள்ளை யாரு?"

பிச்சைமுத்து சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஜெயலெட்சுமி இரண்டு கோப்பைகளோடு வந்தாள். கணவனுக்குப் பால் ஊற்றிய தேநீர். வந்தவருக்குப் பாலில்லாத தே-ஓ, அதுவும் சீனி போடாமல். அவர் ஒரு மடக்குக் குடித்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆசைக்கு வாங்கி வெச்சிருந்தா யாரும் கேக்கப்போறதில்ல. வாங்கி, வித்து, லாபம் பாத்தா அது வியாபாரம். ஆறு வருஷத்துக்கும் சேத்து வரி, அதுக்கு மேல அபராதம், ஆபீஸுக்குத் தகவல்..." வந்தவர் ஒவ்வொன்றாக விரல் மடக்கினார்.

"உள்ளத உள்ளபடி சொல்லிடுங்களேன்" என்றாள் ஜெயலெட்சுமி. "வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப் போகுது."

உள்ளதை எப்படிச் சொல்வது, இவளை வைத்துக்கொண்டு? ஆறு வருஷமாக மாதம் தவறாமல் 'லாபம், லாபம்' என்று இவளிடம் அளந்திருக்கிறான். அந்த லாபத்தை நம்பித்தான் திங்கட்கிழமை கூட்டுறவுச் சங்கத்தில் அவன் வாங்கப்போகும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

"நீ உள்ள போ, லெட்சுமி."

அவள் போனாள். கதவுத் திரை ஆடி அடங்கியது. பிச்சைமுத்து முன்னால் குனிந்தான்.

"சார், லாபமே இல்ல சார்."

"என்னது?"

"லாபம் இல்ல..."

"சத்தமாச் சொல்லுங்க! வாய்க்குள்ளயே முனகுனா எப்படி?"

"நஷ்டம் சார்!" வேறு வழியில்லை, குரல் உயர்ந்தது. "பினாங்கு வரியில்லாத ஃப்ரீ போர்ட்டா இருந்த காலமா இது? பார்சல் வந்தா கஸ்டம்ஸ்காரன் பிரிச்சுப் போட்டுடுறான். இறக்குமதி வரி, அது தலைமேல விற்பனை வரி. பத்து வெள்ளிக்கு வாங்குற காடி வீடு வந்து சேர்றதுக்குள்ள இருபது வெள்ளியாயிடுது. சந்தையில அத பதினஞ்சுக்குக் கேக்குறான்."

"அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?"

"வித்தாத்தானே சார் அடுத்த காடி வாங்க முடியும்!"

வந்தவர் சிரிப்பை அடக்குவது போல் மீசையைத் தடவினார். "துண்டு விழுற காசுக்கு எங்க போனீங்க?"

"ஓவர்டைம் காசு. அப்புறம்..." பிச்சைமுத்து திரையைப் பார்த்தான். "வீட்டுக்காரி வளையல். அடகு வெச்சேன். மீட்க முடியல, மூழ்கிப்போச்சு. பேங்க் பெட்டியில பத்திரமா இருக்குன்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கா. தெரிஞ்சா தொலைச்சுப்புடுவா சார்."

"வாங்கப்போற கடன் எதுக்கு?"

'இது எப்படி இவருக்கு?' என்று ஒரு கணம் தோன்றியது. வரிக்காரர்களுக்குத் தெரியாத கடன் உண்டா என்று அவனே சமாதானமும் செய்துகொண்டான்.

"இங்கிலாந்துல ஒருத்தன் மொத்தமா விக்கிறான் சார். அத்தனையும் பழைய காடி. விட்டா கெடைக்காது."

"அதுலயாவது லாபம் வருமா?"

"எங்க சார் வரும்? வரிதான் வரும்!" அழுகையும் சிரிப்புமாகக் கும்பிட்டான். "நஷ்டப்பட்டவன்கிட்ட வரி கேக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

அவர் மெல்ல எழுந்தார்.

"லாபம் இல்லேன்னா வரி ஏது? ஒரு காசு கட்ட வேணாம்."

பிச்சைமுத்து கிட்டத்தட்ட அவர் காலில் விழுந்தான். வேலை பிழைத்தது, மானம் பிழைத்தது! "லெட்சுமி, இங்க வா! சாருக்கு ஒரு கும்பிடு போடு!"

திரையை விலக்கிக்கொண்டு ஜெயலெட்சுமி வந்தாள். கணவன் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்தவரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"ரொம்ப நன்றிண்ணே. நான் கேக்கச் சொன்னத ஒண்ணு விடாமக் கேட்டுட்டீங்க."