இன்ஜினியரிங் கால்குலேட்டர்

எது என்றாலும் சரி என்று அவளுக்கு இருந்தது.

கடைக்காரர் மூன்று கால்குலேட்டர்களைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றும் கறுப்பு.

“என்ன படிப்பும்மா?”

அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இன்ஜினியரிங். சிவில்,” என்றார் அப்பா.

வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அண்ணன் சிவில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். பைபாஸில் லாரி மோதிச் செத்துப்போனான். அவன் பையும் பைக்குள் இருந்த கால்குலேட்டரும் அங்கேயே நொறுங்கிப்போயின.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சித்தப்பா, “அவன் விட்டத இவ படிச்சு முடிக்கட்டும்” என்றார். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடத் தலையாட்டினார். அதே கல்லூரி, அதே பிரிவு.

பிஎஸ்சி பிசிக்ஸுக்கு அவள் தனியாக விண்ணப்பித்திருந்தாள். இடமும் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

வீட்டில் சொல்லவில்லை. பயமெல்லாம் இல்லை. சொல்லத் தோன்றவில்லை.

“இது பழைய மாடல். இது, பின்னத்தைப் புஸ்தகத்துல இருக்க மாதிரியே காட்டும். இது வெளிச்சத்துலயே ஓடும். புரோகிராம் போடுறது வேண்டாம், பரீட்சை ஹால்ல வாங்கி வச்சுருவாங்க.”

கல்யாணப் பட்டு காட்டுகிறவர்கூட இவ்வளவு பொறுமையாகச் சொல்ல மாட்டார்.

அப்பா நடுவில் இருந்ததை அவள் பக்கம் தள்ளினார். “அமுக்கிப் பாருட்டி.”

சைன் முப்பது போட்டாள். அரை வர வேண்டும். மைனஸில் என்னவோ வந்தது.

அப்பா பதறிவிட்டார். “என்னங்க, புதுசே தப்பாக் காட்டுது?”

கோண அளவு ரேடியனில் இருந்தது. அவள் டிகிரிக்கு மாற்றி மறுபடி போட்டாள். அரை வந்தது.

“பாப்பாவுக்கு நான் சொல்லணுமாக்கும்,” என்று கடைக்காரர் சிரித்தார். அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, கூச்சமாகவும் இல்லை.

“இதையே குடுங்க,” என்றார் அப்பா.

வகுப்பில் எல்லோரிடமும் ஒரே மாதிரி கால்குலேட்டர்தான் இருக்கும். மாறிப்போகாமல் இருக்க, காம்பஸ் முனையால் பின்பக்கம் பெயரைக் கீறிக்கொள்வார்கள். இந்தக் கடையில் அதற்கு ஒரு சின்ன மெஷின் இருந்தது. பேனாவில் பெயர் வெட்டுகிற மெஷின்.

“பேரு சொல்லுங்க சார்.”

“கோமதிநாயகம்.”

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வருஷக்கணக்காகக் கடைகளில் சொல்லிப் பழகிய பெயர்.

மெஷின் கிர்ரென்று ஓடத் தொடங்கியது.

அது அண்ணன் பெயர்.

ஒரு வார்த்தை சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றிருக்கும். அவள் சொல்லவில்லை. அவன் போன பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. ‘அவன்’ என்பார்கள். சில நாள் அதுவும் இல்லை.

பெயர் முழுசாக வந்துவிடட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆசை என்று ஒன்று தனக்கு வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாதிப் பெயர் வெட்டியபோது அப்பாவின் முகம் மாறியது. மெஷினை நோக்கிக் கை நீட்டினார்.

பிறகு மடக்கிக்கொண்டார்.

நீளமான பெயர். முடிகிறவரை இருவரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் தூளை ஊதிவிட்டு, துணியால் துடைத்து, வாய்விட்டுப் படித்தார்.

“கோமதிநாயகம். பையனுக்கா சார்? நான் பாப்பாவுக்குன்னுல்லா நெனச்சேன். அப்போ பாப்பா என்ன படிக்குது?”

அப்பா கால்குலேட்டரைக் கையில் வாங்கினார்.

“பிசிக்ஸ்,” என்றாள் அவள்.

சொன்னபிறகுதான் பயம் வந்தது.

அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கத்து எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். கடைசி எழுத்துவரை போய், மறுபடி முதலிலிருந்து. கடைக்காரர் பெட்டியை நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. கால்குலேட்டரை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பை கனத்துத் தொங்கியது.

“இவளுக்கும் ஒண்ணு குடுங்க,” என்றார்.

பிறகு கேட்டார்.

“பிசிக்ஸுக்கு எது நல்லாருக்கும்?”