வராத மகன்

"அந்தக் குடும்பத்தையே கூண்டோட பிடிச்சு உள்ள போடணும். பெத்த அப்பனை இப்படியா விடுவாங்க? தூ!"

எடிட்டரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து இருக்கையில் இருந்த பேராசிரியர் சத்தமில்லாமல் சிரித்தார்.

"இது சினிமாம்மா. ஷூட்டிங் முடிஞ்சதும் அந்தப் பெரியவர் எழுந்து மூஞ்சியைக் கழுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்."

குறும்படப் போட்டிக்கு இவர்கள் இருவரும்தான் நடுவர்கள். பேராசிரியர் இலக்கியம் கற்பிப்பவர், ஊரறிந்த விமர்சகர். எடிட்டரம்மா ஆயுள் முழுக்கப் படங்களை வெட்டி ஒட்டியவர். சின்ன ப்ரிவியூ தியேட்டரில் காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன நேரத்தில், கடைசியாக ஓடியது இந்தப் படம்.

கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர். நனைந்து மஞ்சளாகிப்போன விரிப்பு. உதட்டோரம் ஓர் ஈ உட்கார்கிறது, பறக்கிறது, மறுபடி அங்கேயே வந்து உட்கார்கிறது. கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர். கை நீள்கிறது, நடுங்குகிறது, விழுகிறது. படம் மொத்தமும் இவ்வளவுதான். நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது.

"பார்க்கவே அருவருப்பா இருக்கு சார். அந்த நாத்தம் இங்க வரைக்கும் வர்ற மாதிரி இருக்கு. இதுக்கு நான் மார்க் போட மாட்டேன்."

"அந்த அருவருப்புதாம்மா படத்தோட பலமே. சரி, சொல்லுங்க. இதுல முக்கியமான பாத்திரம் யாரு?"

"இதென்ன கேள்வி? இருக்கறதே அந்தக் கிழவர் ஒருத்தர்தானே."

"அங்கதான் தப்பு பண்றீங்க." பேராசிரியர் வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல ஹீரோவும் வில்லனும் ஒரே ஆள்தான். வராத மகன்! அவனை ஒரு தடவைகூடக் காட்டல. ஆனா அவன்தான் அந்த ரூம் முழுக்க நிறைஞ்சிருக்கான்."

எடிட்டரம்மா முகத்தைச் சுளித்தார். பேராசிரியர் விடவில்லை. ஆபரேட்டரிடம் சொல்லிப் படத்தை மறுபடியும் ஓடவிட்டார்.

இந்த முறை எடிட்டரம்மாவின் தொழில் கண் விழித்துக்கொண்டது.

"இங்க பாருங்க, கிழவரோட பார்வை கேமராவை விட்டுப் பக்கத்துல போகுது. புதுசா நடிக்க வர்றவங்க வசனம் மறந்துபோனா இப்படித்தான் டைரக்டர் மூஞ்சியைப் பார்ப்பாங்க. என் மேசைக்கு வந்திருந்தா இந்த இடத்தை வெட்டித் தூக்கிப் போட்டிருப்பேன்."

"ஐயையோ, கையே வச்சிடாதீங்க! அவர் பார்க்கறது நம்மளை. வேடிக்கை பார்த்துட்டு உட்கார்ந்திருக்கற நம்மளைத்தான் குற்றவாளிக் கூண்டுல ஏத்தறார்."

"தம்பி, தம்பின்னு யாரையோ கூப்பிடறாரே?"

"அவனைத்தான். கூப்பிடற தூரத்துல இருந்தும் காது கேக்காதவன். அந்த ஸ்டூல் இருக்கே, அது ஸ்டூல் இல்லம்மா. ரெண்டு தலைமுறைக்கு நடுவுல இருக்கற தூரம்."

எடிட்டரம்மாவுக்கு ஸ்டூல் ஸ்டூலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் திரையில் அந்தக் கை கடைசியாக ஒருமுறை எழும்பி, விரல்கள் விரிந்து, கட்டில் சட்டத்தில் 'டொக்'கென்று விழுந்தபோது அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன.

"பாவி! அந்த மகன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதல் பரிசுக்குச் சம்மதித்தார்.

வெளியே காத்திருந்த இயக்குநரை உள்ளே அழைத்தார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும், படியச் சீவிய தலையுமாக ஓர் இளைஞன் வந்து நின்றான். செய்தியைச் சொன்னதும் கும்பிட்டான். பேராசிரியர் அவனை மார்போடு அணைத்துக்கொண்டார். எடிட்டரம்மா அவனுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கல்நெஞ்சையும் கரைச்சிட்டீங்க. அந்தப் பெரியவருக்கும் சிறந்த நடிகர் விருது குடுக்கறோம். எப்படிப்பா அவர்கிட்ட இந்த அளவுக்கு வேலை வாங்கினீங்க? ரொம்ப சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துதோ?"

"நான் எதுவுமே சொல்லிக் குடுக்கலைங்கம்மா. டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வச்சேன். மத்ததெல்லாம் அவரே பண்ணினதுதான்."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" பேராசிரியர் துள்ளினார். "இதாம்மா டைரக்‌ஷன். ஒரு டம்ளரைத் தள்ளி வச்சே ஒரு காவியம் பண்ணிட்டார்!"

எடிட்டரம்மாவுக்கு இன்னும் அந்தக் கையை விட மனம் வரவில்லை.

"வெட்டே இல்லாம இவ்ளோ நீளமான ஷாட் ஒழுங்கா வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. எத்தனை டேக் எடுத்தீங்க?"

"ஒண்ணுதாங்கம்மா." அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு வருத்தம் தெரிந்தது. "இன்னொண்ணு எடுக்கணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள அப்பா போயிட்டார்."