உட்கார ஓர் இடம்

"பெஞ்ச் போட்டா கிழடுங்க கூடிப் பாட்டு வெச்சு ஆடும். வேணாம்!" என்றார் கெங், சோங்சிங் நகர அடுக்ககம் ஒன்றின் குடியிருப்போர் குழுத் தலைவர்.

தோட்டத்தை வடிவமைத்த லிஜுவான் கெஞ்சினாள். "ஒண்ணே ஒண்ணு, தலைவரே. கற்பூர மரத்தடியில ஒரு பெரியவர் தினமும் கால் கடுக்க நிக்கிறார்."

"அந்தத் தொப்பிக்காரரா? வெளியாள். நிக்க முடியலேன்னா தானா போயிடுவார்."

மரத்தடியில் பெஞ்சுக்குப் பதில் முள்செடி நட்டார்கள். மனம் கேட்காமல், பெரியவருக்குத் தன் மடக்கு நாற்காலியை எடுத்துப் போனாள் லிஜுவான்.

"உட்காருங்க ஐயா. தலைவர் கெங் மனசுல ஈரமே இல்ல. வளர்த்தவங்களைச் சொல்லணும்!"

பெரியவர் உட்காரவில்லை. பதினெட்டாவது மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளர்த்தவன் நான்தாம்மா. நாற்காலியை மடக்கிடு. அவன் பார்த்தா உன் வேலை போயிடும்."