ஏழாம் பாகம்

அவளுடைய இடது காதில் ஒன்று. ஜெயராணியின் வலது காதில் ஒன்று.

நடுவே இயர்போனின் ஒரே வயர். நாற்காலியை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு ஒட்டிப் போட்டால்தான் எட்டும்.

தொடர்நாவலின் கடைசியான ஏழாம் பாகத்தின் ஒலிப்புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். மூன்று வாரமாகக் கேட்கிறார்கள். இன்னும் நாலாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

பத்து நிமிடத்தில் ஜெயராணி தூங்கிவிடுவாள். மறுநாள் நாலு மணிக்கு வந்து, விட்ட இடத்துக்குத் திருப்பி வைப்பது தோழியான அவள் வேலை.

புத்தகமாகவும் வாங்கி வந்திருந்தாள். தலையணை கனம். அதைத் தூக்க ஜெயராணியின் கையில் இப்போது தெம்பில்லை. மருந்து ஏற ஏற எழுத்தெல்லாம் ஊர்கிறது என்றும் சொன்னாள்.

முதல் பாகத்தைப் படித்தபோது இருவருக்கும் பதினெட்டு வயது. விண்கப்பல், அதன் தலைவி நிலானி, நானூறு ஆண்டுப் பயணம். விடுதியில் மற்ற பெண்கள் கேலி செய்து ஓய்ந்துபோனார்கள். இந்த இரண்டு பேருக்கும் அதுதான் சோறு, தண்ணீர் எல்லாம்.

அப்போது போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று. யார் முதலில் முடித்தாலும் முடிவைச் சொல்லக் கூடாது. முகத்தில்கூடக் காட்டக் கூடாது.

மூன்றாம் பாகத்தில் யார் சாகிறார் என்பதை அவள் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். ஜெயராணி இரண்டு மாதம் பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, மெஸ்ஸுக்கு வருகிறாளா என்று பக்கத்து அறைப் பெண்ணை விட்டுக் கேட்டாள். அப்படி ஒரு வீம்புக்காரி.

இன்று வரும்போது ஜெயராணியின் கணவர் அருளப்பன் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். புது மருந்து வேலை செய்கிறதாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பாள் என்றார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவளும் நம்பிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

ஜெயராணி காதிலிருந்ததை உருவிப் போர்வைமேல் வைத்தாள்.

"கடைசியில கப்பல் போய்ச் சேருதா இல்லயா, சொல்லுட்டி."

அவள் போனை நிறுத்தினாள்.

இருபத்தாறு வருஷத்தில் ஜெயராணி முடிவைக் கேட்டதே இல்லை.

மருந்தைப் பற்றி டாக்டர் என்ன சொன்னாலும் சரி, ஜெயராணிக்கு வேறு ஏதோ தெரிந்திருக்கிறது.

தான் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். வெளியான அன்றே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்திருப்பாள் என்பது ஜெயராணிக்குத் தெரியாதா?

சேர்ந்துவிடுகிறது என்று சொல்லிவிடலாமா? ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது.

ஜெயராணியிடம் அது செல்லாது. ஐந்தாம் பாகத்திலேயே எரிபொருள் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்து, உதைக்கிறது என்று பதிப்பகத்துக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டவள்.

சொன்னாள்.

ஒன்று விடாமல் சொன்னாள். பாதி வழியிலேயே எரிபொருள் தீர்கிறது. விளக்குகள் தளம் தளமாக அணைகின்றன. பயணம் முழுக்க உறக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் பயணிகளில் ஒருவரையும் நிலானி எழுப்பிச் சொல்லவில்லை.

ஜெயராணி இன்று தூங்கவில்லை. கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

கேட்டு முடித்ததும், அன்றைக்குத் தான் போட்ட கணக்கு சரிதான் என்றாள். குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. சொன்னவளுக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அருளப்பன் வந்தார். கையில் இளநீர். கதை எதுவரைக்கும் போயிருக்கிறது என்று விசாரித்தார்.

அவள் குனிந்து வயரில் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். சிக்கு ஒன்றும் இல்லை.

"இப்பதான் நாலாவது அத்தியாயம்," என்றாள் ஜெயராணி. "இன்னும் நெறைய கெடக்கு."

என்ன அவசரம், மெதுவாகக் கேளுங்கள் என்றார் அவர். இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு, மனைவியின் உதட்டருகே பிடித்தார். ஜெயராணி இரண்டு வாய் குடித்தாள். அவருக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

பிறகு ஜெயராணி போர்வைமேல் கிடந்ததை எடுத்து மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். போடு என்று தலையை அசைத்தாள்.

அவள் நாலாவது அத்தியாயத்தை முதலிலிருந்து வைத்தாள்.